ஷூலன்பர்க்குக்குத் தாய்ப்பத்திரம் தேடினேன்: டெக்சஸ் வரலாற்றுத் தளம் பற்றி ஒரு பத்திர எழுத்தரின் மதிப்புரை

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரின் பழங்கதையைக் காங்கயத்தில் உட்கார்ந்துகொண்டு தேட வேண்டுமா? வம்சாவளி விற்கும் தளங்களில் காசைக் கொட்டுவதற்கு முன் ‘போர்ட்டல் டு டெக்சஸ் ஹிஸ்டரி’ என்ற தளத்தைத் திறந்து பாருங்கள். டெக்சஸ் ஊர்களுக்கு மட்டும்தான் ஆகும். ஆகிற இடத்தில் நன்றாகவே ஆகும். என் கணக்கில் ஐந்துக்கு நாலரை.

நான் வரலாற்று வாத்தியார் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் மேசை போட்டுப் பத்திரம் எழுதியே தலை நரைத்தவன். இந்தக் காடு யாரிடமிருந்து யாருக்கு வந்தது, தாய்ப்பத்திரம் எங்கே, வடபுறத்து இட்டேரி பொதுவா தனியா என்று பார்த்துத்தான் பழக்கம். மகளும் மாப்பிள்ளையும் டெக்சஸில் ஷூலன்பர்க் பக்கம் இருக்கிறார்கள், மாப்பிள்ளை டாக்டர். பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் ஊர் வரலாறு எழுதிவரச் சொன்னார்களாம். “அப்புச்சி, நீங்கதான் பழைய டாக்குமெண்ட் எல்லாம் படிப்பீங்கல்ல?” என்று கேட்டுவிட்டாள். பேத்தியின் கட்டுரை எப்போதோ முடிந்துவிட்டது. நான்தான் இன்னும் விடவில்லை.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் தளத்தின் அருமை புரியும். ஹூஸ்டனுக்கும் சான் அன்டோனியோவுக்கும் நடுவில், ஃபயெட் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊர் ஷூலன்பர்க். 1873இல் ரயில்பாதை வந்தபோது முளைத்தது. லூயிஸ் ஷூலன்பர்க் என்பவரின் நிலத்தில் அமைந்ததால் அவர் பெயர். அதற்கு முன்பு அந்த வட்டாரத்தில் பெரிய ஊர் மூன்று மைல் தள்ளியிருந்த ஹை ஹில். ஜெர்மானியர்கள் ஊன்றியிருந்த ஊர். டெக்சஸின் ஆரம்பகாலப் பருத்திவிதை எண்ணெய் ஆலைகளில் ஒன்று அங்கேதான் ஓடியது. ரயில் தங்கள் காடு வழியாக வருவதை அந்த ஊர்க்காரர்கள் விரும்பவில்லை என்று சொல்வார்கள். ரயில் தெற்கே போனது, கடைகண்ணிகளும் பின்னாலேயே போயின. இன்றைக்கு ஹை ஹில்லில் பார்க்க இருப்பது 1906இல் கட்டிய புனித மரியாள் கோயில்தான். வெளியே செங்கல், உள்ளே சுவர், கூரை எல்லாம் வண்ணச் சித்திரம்.

ஈரோட்டிலிருந்து காங்கயம், தாராபுரம் வழியாகப் பழனிக்கு ரயில் விடுவார்கள் என்று என் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றுவரை காங்கயத்துக்கு ரயில் கிடையாது. அதனால் ஒரு தண்டவாளம் மூன்று மைல் விலகியதில் ஓர் ஊர் பிறந்து இன்னோர் ஊர் ஒடுங்கிய கதை என்னைச் சும்மா விடுமா?

சரி, தளத்துக்கு வருவோம். டென்டன் நகரில் இருக்கும் வடக்கு டெக்சஸ் பல்கலைக்கழக நூலகங்கள் நடத்துகின்றன, 2004இல் தொடங்கியது. மாநிலம் முழுக்க உள்ள சிறு நூலகங்கள், அருங்காட்சியகங்கள், வரலாற்றுச் சங்கங்கள் தங்களிடம் இருப்பதைக் கொடுக்க, இவர்கள் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். புகைப்படம், நிலப்படம், கடிதம், புத்தகம் எல்லாம் உண்டு. உயிர்நாடி மட்டும் செய்தித்தாள்கள். ஷூலன்பர்க்கின் வாரப் பத்திரிகை ‘ஸ்டிக்கர்’ 1894இல் தொடங்கியது. பக்கத்து ஊர்களின் ‘லா கிரேஞ்ச் ஜர்னல்’, ‘ஃப்ளடோனியா ஆர்கஸ்’, ‘ஷைனர் கெஸட்’ இவையும் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. பதிவு செய்ய வேண்டாம், கார்டு எண் கேட்பதில்லை. தேடிய சொல் பக்கத்தில் எங்கே இருக்கிறதோ அங்கே வண்ணம் பூசிக் காட்டுகிறது. பெரிதாக்கலாம், இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் மாறாத முகவரி உண்டு. குறித்து வைத்துக்கொண்டால் பிறகு யாரிடமும் “இதோ ஆதாரம்” என்று நீட்டலாம். பத்திர எழுத்தருக்கு இதைவிட என்ன வேண்டும்?

தேடும் விதத்தில் ஒரு விஷயம். ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும், ஒன்றும் பிடிபடாது. இடதுபக்கம் இருக்கும் வடிகட்டிகளில் முதலில் கவுண்டி, அப்புறம் பத்தாண்டு, அப்புறம் பத்திரிகை என்று இறங்குங்கள். இறங்கினபின் குடும்பப் பெயர்களையும் விட்டுவிட்டு ஜின்னிங் மில், எண்ணெய் ஆலை, பாலம், ஷெரிஃப் ஏலம் என்று தேடிப் பாருங்கள். அங்கேதான் ஊர் இருக்கிறது. வாரப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் பெரும்பாலும் வாஷிங்டன் செய்தியும் தொடர்கதையும்தான். உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் உள்ளூர்ப் பத்திகளில் இந்த வாரம் எத்தனை பேல் பருத்தி வந்தது, என்ன விலை போனது, யார் வீட்டுக்கு யார் விருந்தாளி, எந்தச் சங்கக் கூட்டம் எங்கே என்று எல்லாம் இருக்கும். சட்ட அறிவிப்புகளையும் விட்டுவிடாதீர்கள். கடனுக்கு நிலம் ஏலம் போவது, வாரிசு வழக்கு, அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்த மாட்டின் முத்திரை அடையாளம்... விளம்பரம் என்று நினைத்து எல்லோரும் தாண்டிப் போகும் இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் உட்கார்ந்தேன்.

பருத்தி என்றதும் எனக்கு ஒரு நெருக்கம். எங்கள் வீட்டில் கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டி வைப்பார்கள். ஆட்டுக்கல் சுற்றியது பெரும்பாலும் நான்தான். அந்தக் கொட்டையிலிருந்து எண்ணெய் எடுத்துச் சமையலுக்கே அனுப்பிய ஊரைப் பற்றிப் படிக்கும்போது விளம்பரத்தில் வரும் எந்திரப் பெயர்கூடச் சுவையாக இருக்கிறது. ஃபயெட் கவுண்டியின் பெரும்பகுதி கரிசல். ஜெர்மானியரும் செக் மொழி பேசும் செக்கரும் அங்கே தேடிப்போய் விழுந்ததற்கு மண் ஒரு பெரிய காரணம்.

செக்கர்கள் கதையையும் சொல்ல வேண்டும். ஜெர்மானியர்கள் முன்னாலேயே வந்துவிட்டார்கள். 1831இல் ஃபிரெடரிக் எர்ன்ஸ்ட் என்பவர் டெக்சஸில் நிலம் பெற்று ஊருக்கு எழுதிய கடிதம் அங்கே பலர் கைக்குப் போய், கப்பல் கப்பலாக ஆட்களைக் கிளப்பியது. செக்கர்களுக்கும் ஒரு கடிதம்தான். யோசப் எர்னஸ்ட் பெர்க்மன் என்ற போதகர் 1850இல் கேட் ஸ்பிரிங்குக்கு வந்து, அங்கிருந்து எழுதியதை மொராவியாவில், அதாவது இன்றைய செக் நாட்டின் கிழக்குப் பகுதியில், ஒரு பத்திரிகை அச்சிட்டது. அடுத்த ஆண்டே கால்வெஸ்டன் துறைமுகத்தை நோக்கி முதல் கூட்டம் கிளம்பிவிட்டது. ஷூலன்பர்க் பக்கத்துத் துபினா 1856இல் மொராவியக் குடும்பங்கள் அமைத்த ஊர். வந்து சேர்ந்த இரவு ஆலங்கட்டி மழைக்குளிரில் ஓக் மரங்களுக்கு அடியில்தான் படுத்தார்களாம். அவர்களோடு வந்த சிறுவன் ஒருவர்தான் பிற்பாடு லா கிரேஞ்ச் மேயராகி, சட்டமன்றம் போய், கவுண்டி நீதிபதியாகவும் இருந்த அகஸ்டின் ஹைதுஷெக். ‘ஸ்வோபோதா’ என்ற செக் பத்திரிகை 1885இல் லா கிரேஞ்சில் அவர் முயற்சியில் வந்தது. செக் பத்திரிகை நடத்திய அதே மனிதர், நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்ததும் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லித்தந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். சொந்தச் சனத்திடமே வாங்கிக் கட்டிக்கொண்டார். இப்படிப்பட்ட ஆளைப் பற்றி வம்சாவளித் தளம் தருவது பிறந்த தேதியும் இறந்த தேதியும். பத்திரிகைகளைப் புரட்டினால்தான் சண்டை தெரிகிறது.

செய்தித்தாளுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்க இன்னொரு காரணம் உண்டு. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு பத்து வருடத்துக்கு ஒருமுறை. வீட்டுக்கு வீடு பெயர் இருக்கும். ஆனால் 1890ஆம் ஆண்டுக் கணக்கு ஏறக்குறைய முழுக்கப் போய்விட்டது. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்தில் பிடித்த தீயில் எரிந்ததும் நனைந்ததும் போக மிஞ்சியதையும் பின்னர் அழித்துவிட்டார்கள். ஷூலன்பர்க் மாதிரி ஊருக்கு 1880க்கும் 1900க்கும் இடைப்பட்ட காலம்தான் எல்லாம் நடந்த காலம். வில்லங்கச் சான்றில் சரியாக அந்த இருபது வருடம் மட்டும் விட்டுப்போனால் வக்கீல் என்ன சொல்வார்? அந்த ஓட்டையை அடைக்க உள்ளூர்ப் பத்திரிகையை விட்டால் கோயில் பதிவேடும் நிலப் பத்திரமும்தான்.

நிலம் என்றதும் இன்னொரு தளத்தையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பொது நில அலுவலகத்தின் தளம். எனக்கு இதில் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் தெரிவதில்லை. டெக்சஸ் தனிநாடாக இருந்து 1845இல் அமெரிக்காவில் சேர்ந்தபோது தன் பொது நிலத்தைத் தானே வைத்துக்கொண்டது. அதனால் முதல் பட்டா ஆவணங்கள் எல்லாம் மாநிலத்தின் கையிலேயே இருக்கின்றன. மெக்சிகோ ஆட்சிக்காலத்தில் கொடுத்த ஸ்பானிய மொழிப் பட்டாக்களும் அதில் உண்டு. குடும்பத்தோடு வந்து மாடு வளர்க்கிறவருக்கு ஒரு லீக், அதாவது 4,428 ஏக்கர்; விவசாயத்துக்கு ஒரு லபோர், 177 ஏக்கர். அளவுகோல் வாரா, முப்பத்து மூன்றே கால் அங்குலத்துக்குச் சற்று அதிகம். எங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்களில் வள்ளக்கணக்கு பார்த்த கண்ணுக்கு இது ஒன்றும் புதிதாகப் படவில்லை. செக்குபந்தி, அதாவது நாலெல்லை எழுதும் முறையும் அப்படித்தான். இந்த மூலையில் இத்தனை அங்குலப் பருமன் ஓக் மரம், அதில் எழுத்து வெட்டியிருக்கிறது, அங்கிருந்து இந்தத் திசையில் இத்தனை வாரா, ஓடையின் கரையில் ஒரு கம்பம்... பனைமரமும் கிளுவை வேலியும் போட்டு நாங்கள் எழுதியதை ஓக் மரம் போட்டு எழுதியிருக்கிறார்கள். மரம் பட்டுப்போனால் என்ன வழக்கு வரும் என்று எனக்குத் தெரியும்; அவர்களுக்கும் வந்திருக்கும்.

ஒவ்வொரு முதல் பட்டாவுக்கும் கவுண்டி வாரியாக ஒரு அப்ஸ்ட்ராக்ட் எண் இருக்கிறது. இன்றைய கிரயப் பத்திரத்திலும் அந்த எண் வருகிறது. நம் புல எண் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டால் போதும்; 1830களின் லீக் எப்படித் துண்டு துண்டாகப் போய்க் கடைசியில் ஒரு மொராவியக் குடும்பத்தின் சின்னக் காடாக ஆனது என்று இறங்கி வரலாம். குடும்பப் பெயரை வைத்துத் தேடினால் அந்தக் குடும்பம் வந்த நாளிலிருந்துதான் கதை தொடங்கும். நிலத்தை வைத்துத் தேடினால் அதற்கு முன்னால் யார் இருந்தார்கள் என்பதும் மேலே வரும். முதல் பட்டாக்காரர்களில் பெரும்பாலோர் ஆங்கிலப் பெயர்க்காரர்கள். ஜெர்மானியரும் செக்கரும் அவர்களிடமோ அவர்கள் வாரிசுகளிடமோ வாங்கியவர்கள்.

அந்தக் காட்டில் உழைத்த கறுப்பின அடிமைகளும் இந்தக் கதையில் இருக்கிறார்கள். 1850, 1860 கணக்குகளில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை. முதலாளி பெயர் இருக்கும். அடிமைக்கு வயது, ஆணா பெண்ணா, நிறம் இவ்வளவுதான், பெயரே இருக்காது. பத்திரத்தில் நிலத்தோடு மாட்டையும் ஏரையும் எழுதும் இடத்தில் மனிதரையும் எழுதிய காலம். 1861இல் அமெரிக்காவிலிருந்து டெக்சஸ் பிரிந்துபோக வாக்கெடுத்தபோது ஃபயெட் கவுண்டி வேண்டாம் என்றே வாக்களித்தது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863 தொடக்கத்தில் கட்டாய ராணுவச் சேர்ப்புக்கு அங்கிருந்த ஜெர்மானியர்கள் எதிர்ப்புக் காட்ட, ஃபயெட்டிலும் பக்கத்துக் கவுண்டிகளிலும் ராணுவச் சட்டம் போட்டார்கள். கோயில் திருவிழா, பாண்டு வாத்தியம், கொலாச்சி பலகாரம் என்று இனிப்பாக எழுதுகிற ஊர்ப் பக்கங்களில் இதெல்லாம் ஒரு வரிகூட வராது. ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது. நம் ஊர்க் கும்பாபிஷேக மலர்களைப் பார்த்தால் தெரியும்.

அந்த அரை மதிப்பெண் எங்கே போனது? ஜெர்மன் எழுத்தில். ‘நொய் ப்ராவுன்ஃபெல்சர் சைடுங்’ என்று 1852இல் தொடங்கிய ஜெர்மன் பத்திரிகை ஒன்றும் இந்தத் தளத்தில் இருக்கிறது. அருமையான சொத்து. ஆனால் அந்தக் காலத்து ஜெர்மன் அச்சு ஃப்ராக்டுர் என்ற கோணல்மாணல் எழுத்து. அதில் நீட்டு எஸ்ஸும் எஃப்ஃபும் கண்ணுக்கே ஒன்றுபோலத் தெரியும். எந்திரம் படித்துத் தரும் எழுத்து இந்த இடத்தில் எந்தக் காப்பகத்திலும் தடுமாறத்தான் செய்யும். அதனால் தேடல் பெட்டியில் ஒன்றும் வரவில்லை என்றால் பத்திரிகையில் இல்லை என்று அர்த்தம் இல்லை. எஸ் வரும் இடத்தில் எஃப் போட்டும் தேடுங்கள். இல்லாவிட்டால் தேதி தெரிந்த ஒரு சம்பவத்தை ஆங்கிலப் பத்திரிகையில் பிடித்து, அதே வாரத்து ஜெர்மன் இதழைத் திறந்து கண்ணால் பாருங்கள். செக் பெயர்களுக்கும் இதே பாடு. மேல்குறி, கொக்கி எல்லாம் உதிர்ந்துபோய், ஆங்கில அச்சுக்கோப்பவர் காதில் விழுந்தபடி கோத்திருப்பார். ஒரே குடும்பத்துக்கு நாலு எழுத்துக்கூட்டல் வைத்துக்கொண்டு தேட வேண்டும். பழனிச்சாமிக்கு எத்தனை ஸ்பெல்லிங் இருக்கிறது என்று ஆதார் திருத்த வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியுமே.

இன்னொரு சங்கதி. முதல் உலகப்போர் சமயத்தில் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். 1917 அக்டோபரில் வந்த சட்டப்படி, அயல்மொழிப் பத்திரிகைகள் அரசையும் போரையும் பற்றி எழுதினால் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தபால் அதிகாரியிடம் கொடுத்தாக வேண்டும். 1918இல் டெக்சஸ் பொதுப் பள்ளிகளில் ஆங்கிலத்தில்தான் கற்பிக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமும் வந்தது. அந்த வருடங்களில் பத்திரிகையின் தொனியே மாறிப்போவதைப் பக்கம் திருப்பும்போதே பார்க்கலாம்.

கடலுக்கு அந்தப் பக்கமும் போக ஆசை வந்தால் இரண்டு இடம். ஒன்று ஃபேமிலிசர்ச், மார்மன் சபையார் நடத்துவது, இலவசம், கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். சில ஏடுகளை வீட்டிலிருந்து பார்க்க முடியாது, அவர்களுடைய மையத்திலோ இணைந்த நூலகத்திலோ போய்த்தான் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இன்னொன்று செக் நாட்டு ஓபவா காப்பகம். ஃப்ரென்ஷ்டாட், டிரோயானோவிட்சே, லிக்னோவ் என்று டெக்சஸ் மொராவியர்களின் பூர்வீகக் கிராமங்கள் பல அந்த வட்டாரத்தில்தான். கோயில் பதிவேடுகளைப் படமாகவே போட்டுவிட்டார்கள், காசில்லாமல். கையெழுத்து ஜெர்மனிலோ லத்தீனிலோ செக்கிலோ இருக்கும். பயப்பட வேண்டாம், கட்டம் போட்ட ஏடு என்பதால் எந்தக் கட்டத்தில் என்ன வரும் என்று பழகிவிட்டால் போதும். எனக்குப் பிடித்தது வீட்டு எண். பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றிலும் வீட்டு எண் எழுதியிருக்கிறார்கள். பெயர் ஒரே மாதிரி இருக்கும் ஐந்து பேரை அந்த எண்ணை வைத்துப் பிரித்துவிடலாம். அந்த வீட்டுக்காரர் முழு விவசாயியா, துண்டு நிலக் குடிசைக்காரரா என்பதும் பதிவில் வரும். கிளம்பிப் போனவர்களில் நிறையப் பேர் துண்டு நிலக்காரர்கள்.

கப்பல் பட்டியலில் அதிக நம்பிக்கை வைக்காதீர்கள். செக்கர்கள் நிறையப் பேர் ஏறியது பிரேமன் துறைமுகத்தில். அங்கே பழைய பயணியர் பட்டியல்களை இடமில்லை என்று அலுவலகமே அழித்துவிட்டது, மிச்சம் பெரும்பாலும் இரண்டாம் உலகப்போரில் போனது. ஹாம்பர்க் பட்டியல்கள் 1850இலிருந்து பத்திரமாக இருக்கின்றன. முன்னோர் ஹாம்பர்க்கில் ஏறியிருந்தால் அதிர்ஷ்டம்.

காசு வாங்கும் வம்சாவளித் தளம் ஒன்றிலும் சேர்ந்து பார்த்தேன். பெயர் வேண்டாம். சோதனைக்காலம் இலவசம் என்றார்கள்; முடிந்த மறுநாளே ஒரு வருடக் கட்டணத்தை மாப்பிள்ளையின் கார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். ரத்து செய்யும் பொத்தானைப் பக்கத்துக்குப் பக்கம் தேட வேண்டியிருந்தது. மாப்பிள்ளை “பரவால்லைங்க மாமா” என்றார். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. காசைக்கூட விடுங்கள். அங்கே உறுப்பினர்கள் போட்டு வைத்திருக்கும் வம்ச மரங்கள்தான் ஆபத்து. ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு கிராமத்தில் பிறந்திருப்பார். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்பது வயது வித்தியாசம் இருக்கும். ஓர் ஆடு நுழைந்த வேலிச்சந்தில் மந்தை முழுக்கப் போவதுபோல், முதல் ஆள் எழுதியதை நூறு பேர் நகலெடுத்திருக்கிறார்கள். நூறு மரத்தில் இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. முன்பத்திரம் காட்டாத கிரயத்தை நான் எழுதியதே இல்லை. இதையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

கல்லறைப் படங்களுக்கு ‘ஃபைண்ட் எ கிரேவ்’ நல்ல தளம், இலவசம். துபினா, டெக்சஸிலேயே இருக்கும் பிராகா போன்ற ஊர்களின் கல்லறைகளில் செக் மொழியிலேயே வெட்டிய கல்வெட்டுகளைப் பார்க்கலாம். பிறந்த கிராமத்தின் பெயர் சிலவற்றில் இருக்கும். ஓபவா ஏட்டுக்குப் போக அதுதான் சாவி. பிராகாவில் 1895இல் கட்டிய கோயில். அந்தச் சின்ன ஊர் இரண்டாம் உலகப்போரில் ஒன்பது பிள்ளைகளைப் பறிகொடுத்தது. துபினா கோயில் 1909 புயலில் விழுந்து மறுபடி கட்டியது. இந்த இரண்டையும் ஹை ஹில்லையும் சேர்த்துச் ‘சித்திரக் கோயில்கள்’ என்று சுற்றுலாவாகவே காட்டுகிறார்கள். டெக்சஸ் போகிற கொங்குச் சனம் ஹூஸ்டன் மீனாட்சி கோயிலோடு திரும்பிவிடாமல் ஒரு நாள் இங்கேயும் போய்வரலாம். மேலே அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலிக்கும்.

நடுவில் காங்கயத்துக்காரனுக்கு மட்டும் ஒரு செய்தி. டெக்சஸ் பத்திரிகைகளில் இருபதாம் நூற்றாண்டுப் பக்கங்களில் திமில் வைத்த மாடுகள் தலைகாட்டும். 1906இல் ஏ.பி. போர்டன் என்பவர் அந்தப் பக்கத்துப் பியர்ஸ் பண்ணைக்காக இந்தியாவிலிருந்து மாடு இறக்கினார். வெயிலையும் உண்ணியையும் தாங்குகிறது என்று பேர் வாங்கி, அமெரிக்கப் பிராமன் என்ற இனமே உருவாகிவிட்டது. கலப்பில் ஓங்கோல், கிர், காங்கரேஜ் எல்லாம் சொல்கிறார்கள், காங்கயத்தைக் காணோம். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஊரின் நடுத்தெரு எப்படி இருந்தது என்று பார்க்க சான்பார்ன் தீக்காப்பீட்டுப் படங்களைப் பாருங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் ஷூலன்பர்க் உட்பட ஏராளமான ஊர்களுக்கு இருக்கின்றன. தீப்பிடித்தால் எவ்வளவு நட்டம் என்று கணக்குப் பார்க்கக் காப்பீட்டுக் கம்பெனிகள் பயன்படுத்தியவை. செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள். எது மதுக்கடை, எது ஜின்னிங் மில், எந்த மில்லில் தண்ணீர்த் தொட்டி எங்கே, இரவுக் காவலாள் உண்டா என்பதுவரை எழுதியிருக்கும். எஃப்.எம்.பி. என்னும் நில அளவைப் புல வரைபடத்தில் வெறும் கோடுகளாகப் பார்த்துப் பழகிய எனக்கு இது பெரிய ஆடம்பரம். ‘ஸ்டிக்கர்’ பத்திரிகையில் ஒரு விளம்பரத்தைப் பார்ப்பது, உடனே இந்தப் படத்தில் அந்தக் கடை எந்த மூலையில் என்று பார்ப்பது, இரண்டு சன்னல் திறந்து வைத்துக்கொண்டால் ஊருக்குள் நடக்கிற மாதிரியே இருக்கும். செல்போனில் முயற்சி செய்ய வேண்டாம். பெரிய திரை வேண்டும்.

யாருக்கு இந்த டெக்சஸ் தளம் ஒத்துவராது? தாத்தாவின் பெயரைப் போட்டவுடன் மரம் வரைந்து கையில் தரவேண்டும் என்பவருக்கு ஆகாது. ஆங்கிலம் கொஞ்சமாவது வேண்டும். பொறுமை அதைவிட அதிகம் வேண்டும். இடையிடையே வருடக்கணக்கில் இதழ்கள் விட்டுப்போயிருக்கும், ஏனென்றால் தாளே மிஞ்சவில்லை. சமீபகாலத்து இதழ்கள் காப்புரிமைக் காரணமாக எல்லாப் பத்திரிகைக்கும் கிடைக்காது.

நம் பக்கம் இப்படி ஒன்று உண்டா என்று கேட்பீர்கள். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் பார்க்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய புத்தகங்களும் இதழ்களும் நிறைய இருக்கின்றன. தாலுகா அளவில் வந்துபோன சின்னப் பத்திரிகைகள், ஜின்னிங் மில் கணக்கு நோட்டுகள், சந்தை ஏலச் சீட்டுகள் இதெல்லாம் யார் வீட்டு அட்டாலியிலாவது கிடக்கிறதா என்று வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள். ஷூலன்பர்க் போன்ற ஊர்களின் பொருள்களும் அப்படி உள்ளூர் நூலகத்துக்கு வந்து சேர்ந்தவைதான்.

கடைசியாக ஒரு யோசனை. இணையத்தில் ஏறாத கிரயப் பத்திரங்கள் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில்தான் இருக்கும். ஃபயெட் கவுண்டிக்கு லா கிரேஞ்ச் ஊரில். அங்கே 1891இல் கட்டிய கல் கட்டடத்தில் இன்னும் நீதிமன்றம் நடக்கிறது. விற்றவர் பெயர் வரிசை, வாங்கியவர் பெயர் வரிசை என்று இரண்டு அட்டவணை இருக்கும். தொகுதி எண்ணும் பக்க எண்ணும் சொன்னால் நகல் பக்கத்துக்கு ஒரு டாலர். சான்றொப்பம் வேண்டுமென்றால் தனிக் கட்டணம். போன் போடுவதானால் நம்மூர் நேரம் ராத்திரி ஏழரைக்கு மேல் போடுங்கள்; அவர்களுடைய கோடைக்காலத்தில் ஆறரைக்கே அலுவலகம் திறந்துவிடும்.